எண்பத்திரண்டு விழுக்காடு

…சாப்பிட்டுக் கை கழுவி, ஈரம் காயாத விரல்களோடு வந்து உட்கார்ந்தவர்கள்தானே இவர்கள், சாம்பார் வைத்தவன் யார் என்று தெரியாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டவர்கள், பிறகு ஐந்தாம் கேள்விக்கு, எச்.ஐ.வி. உள்ள ஒருவர் சமைத்ததைச் சாப்பிடுவீர்களா என்ற கேள்விக்கு, மாட்டேன், ஒருபோதும் மாட்டேன் என்று… தாமரை திரையில் அந்த வரிசையை மேலிருந்து கீழே இழுத்தாள். ஒன்று, இரண்டு, ஒன்று, மறுபடி ஒன்று. ஒன்று என்றால் ஒருபோதும் மாட்டேன், ஐந்து என்றால் நிச்சயம் சாப்பிடுவேன். கிள்ளான் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்ததும் மண்டப வாசலில் மேசை போட்டுத் தொண்டர்கள் கேட்டு வந்த கணக்கெடுப்புப் பதில்கள். அன்றெல்லாம் சமைத்தவன் அவள் தம்பி யுகேந்திரன். அவனுக்கு அது இருப்பது அவளுக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். சமையல்கட்டில் யாருக்கும் தெரியாது, இந்த அலுவலகத்திலும் தெரியாது. தினமும் மாத்திரை போடுகிறான், கிருமி ரத்தச் சோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது, அடங்காமல் போனாலும் சோற்றிலும் சாம்பாரிலும் அது யாரையும் தொற்றாது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லித்தருகிற விஷயம், இவர்களுக்கு மட்டும்… சாமிக்கு முன்னால் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து இப்படிச் சொல்ல எப்படி வாய் வருகிறது?

ஆனால் நேற்று மாலை இவள்தான் சந்தோஷப்பட்டாள், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. மொத்தக் கூட்டலைப் பார்த்தபோது எண்பத்திரண்டு விழுக்காட்டினர் சாப்பிடுவோம் என்றிருந்தார்கள். அலுவலகம் இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ரயிலில் அந்த எண்ணைப் பிரசாதம் மாதிரி பத்திரமாகக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தாள். அவன் தட்டை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "நெசமாவாக்கா? நம்ம கோயில் ஆளுங்களா?" என்றான். பிறகு, "அப்ப நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை கிச்சன்ல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு சமைக்கிறது சாமிக்கே பொய் சொல்ற மாதிரி இருக்கு" என்றான். இவள் தண்ணீர் குடித்தாள். சுங்கை வேயில் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை செய்தபோதும் இப்படித்தான் நம்பிச் சொன்னான். அந்த மனிதர் கத்தவில்லை, திட்டவில்லை, "தம்பி, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுலா" என்று அன்பாகத் தோளில் தட்டினார், தட்டிய கையைப் போய்க் கழுவினார். அந்தக் கழுவலை யுகேந்திரன் அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னான், சொல்லிவிட்டு ஒரு மாதம் வீட்டில்கூட அடுப்புப் பக்கம் போகவில்லை. இந்த முறையும் அப்படி ஆனால்?

அதனால்தான் காலையில் வந்ததும் பதில்களைக் கேள்வி கேட்டவர் பெயர்படி பிரித்துப் பார்த்தாள். கீழே மோனோரயில் ஒரு தரம் உறுமிப் போனது, திரையில் வள்ளியம்மா என்ற பெயருக்கு நேரே ஐந்தாம் கேள்வி முழுக்க நான்கும் ஐந்துமாக இறங்கியது, ஒரு ஒன்று இல்லை, ஒரு இரண்டு இல்லை. மற்ற தொண்டர்கள் கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு வாரத்தில் சலித்துப் போய்விட்டார்கள். வள்ளியம்மா ஆன்டிதான் தைப்பூசம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூட விடாமல் மண்டப வாசலில் உட்கார்ந்திருந்தவர், மொத்தத் தாள்களில் மூன்றில் இரண்டு பங்கு அவர் நிரப்பியவை. அவற்றை ஒதுக்கிவிட்டுக் கூட்டினாள். நாற்பத்தேழு. எண்பத்திரண்டு இல்லை, நாற்பத்தேழு… வீட்டில் உட்கார்ந்து தானே கோடு போட்டிருப்பாரோ, தேவாரம் பாடுகிற வாய், கோயிலில் செருப்பைக்கூட ஒழுங்காக அடுக்கி வைக்கிற கை, அது இப்படிச் செய்யுமா? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டவராகவும் தெரியவில்லை. ஒன்பதாம் கேள்வி தலைகீழானது, இவர்களைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பது. ஒரே பக்கமாகக் கோடு போட்டுத் தள்ளுகிறவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். வள்ளியம்மாவின் தாள்களில் அங்கே எல்லாம் சரியாக ஒன்றும் இரண்டும், ஒப்புக்கொள்ளவில்லை என்று. கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். பிறகு எப்படி இத்தனை பேரும் நல்லவர்களாக?

கைப்பேசியை எடுத்து வள்ளியம்மாவை அழைத்தாள், கோபத்தோடுதான். ஆன்டி, யாராவது மாட்டேன்னு சொன்னாங்களா இல்லையா, என்று எடுத்ததும் கேட்டுவிட்டாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "ஏன் சொல்லல? நெறைய பேரு சொன்னாங்களேம்மா. சொன்னா, ஏன்யா மாட்டேன்னு கேப்பேன். அவங்க ஒன்னு சொல்லுவாங்க, நான் ஒன்னு சொல்லுவேன், நீங்க கிளாஸ்ல சொல்லிக் குடுத்ததையும் சொல்லுவேன், அப்பறம் சாப்பிடுவேன்னு சொல்லுவாங்க, அத எழுதிருவேன்." முதலில் சொல்கிறதைத்தான் எழுத வேண்டும் என்று பயிற்சியில் எத்தனை முறை… "மொதல்ல சொல்றது பயத்துல சொல்றதும்மா, அதப் போய் எழுதி வெச்சா பாவம் இல்லையா? ஒரு லோரி டிரைவரு, ஆன்டி என்ன ஆள விடுங்கன்னுட்டு ஓடிட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை புடிச்சு உக்கார வெச்சேன்ல. இப்ப அவரே மத்தவங்களுக்குச் சொல்றாரு." உங்களால எல்லாமே கெட்டுப்போச்சு ஆன்டி, என்றாள் தாமரை, தன் குரல் அவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. "அப்படியாம்மா? அப்ப நான் மறுபடி ஒவ்வொருத்தரா போய்க் கேட்டு, மாட்டேன்னு சொல்ல வைக்கணுமா?" என்று கேட்டார், நக்கல் இல்லை, உண்மையாகவே அந்த வேலையையும் செய்யத் தயாரான குரல். அவள் போனை வைத்துவிட்டாள். யாரை இப்போது திட்டுவது, ஒருத்தரைக்கூட மனசு கோணிப் போக விடாமல் வழிமறித்துப் பேசிய இந்த மனுஷியையா…

அலுவலகத் தலைவர் ஜெயராஜ் அவள் மேசைப் பக்கம் வந்தார், கையில் தே தாரிக் தேநீர்க் கோப்பை. "எண்பத்திரண்டுலா தாமரை! ஸ்பான்சர் இப்பவே போட்டோக்கு சட்டை அயர்ன் பண்ணிட்டிருப்பாரு." அவள் சொன்னாள். வள்ளியம்மாவின் தாள்களைச் சேர்க்க முடியாது, பதில் அவர் பேசிப் பேசி வரவழைத்தது, மீதி நாற்பத்தேழுதான். அவர் முகம் சுருங்கியது. "டேட்டா நல்லா இருக்கறப்ப யாரும் தோண்ட மாட்டாங்கலா. போன வருஷம் சர்க்கரை வியாதி சர்வே செஞ்சோமே, அதுல இப்படி ஆளாளுக்குப் பிரிச்சுப் பாத்தியா?" பார்க்கவில்லை. "ஏன் பாக்கல?" அவர் திட்டுவதற்குக் கேட்டார், அவ்வளவுதான், போய்விட்டார், மூன்று மணிக்குள் முடிவு சொல் என்று போய்விட்டார்… ஆனால் ஏன் பார்க்கவில்லை? அதில் எண்ணைப் பார்த்தாள், எழுதினாள், கொடுத்தாள். இதை மட்டும் ஏன் விடியற்காலை ரயிலிலேயே பிரித்துப் பார்க்க முடிவு செய்தாள்? எண் தப்பாக இருக்கும் என்று தோன்றியதாலா? இல்லை. தப்பாக இருக்க வேண்டும் என்று… இறைவா. நாற்பத்தேழு என்று வந்தபோது உடம்பில் ஓடியது கோபம் மட்டும்தானா, அதற்கு முன்னால், ஒரு நொடி முன்னால், அப்பாடா என்று ஒன்று வந்ததே, அதற்குப் பெயர் என்ன?

எண் தப்புதான், அதில் சந்தேகமில்லை, நாற்பத்தேழைத்தான் எழுதுவாள், ஜெயராஜ் என்ன குதித்தாலும் அதைத்தான் எழுதுவாள். யுகேந்திரனிடமும் அதைச் சொல்லத்தான் வேண்டும், அது நியாயம். அவனை அழைத்தாள். பின்னால் பாசார் சந்தை இரைச்சல், யாரோ பூசணியை வெட்டச் சொல்லிச் சத்தம் போட்டார்கள், நாளைக்குக் காய் வாங்குகிறான். "நேத்து சொன்னது தப்புடா யுகே. எண்பத்திரண்டு இல்ல. நாப்பத்தேழு." அவள் காத்திருந்தாள். இப்போது சொல்வான், சரிக்கா, அப்ப வேணாம் என்பான், தொண்டையில் ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாப்பத்தேழா?" என்றான். "யாரும் எடுத்துச் சொல்லாமலே பாதிக்குக் கிட்ட சாப்பிடறேன்னு சொல்லியிருக்காங்களாக்கா? நான் நூத்துக்குப் பத்துப் பேரு தேறுவாங்களான்னு நெனச்சிட்டிருந்தேன்." பூசணிக்காரரிடம், அண்ணே, பெருசாவே குடுங்க என்றான். "நாளைக்குச் சொல்லிடறேன்கா. நீயும் வரியா?"

எந்த எண்ணைச் சொன்னாலும் அவன் போயிருப்பான், எந்த எண்ணைச் சொன்னாலும் இவள் தடுத்திருப்பாள், நூறு என்றாலும், நூறு என்று வந்திருந்தால் இன்னும் ஆழமாகத் தோண்டியிருப்பாள்… "அக்கா? லைன்ல இருக்கியா?" திரையில் நாற்பத்தேழு நின்றிருந்தது. வாய்க்குள் போகாதே என்ற சொல் இருந்தது. வரேன் என்ற சொல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் கேட்டுப் பார்த்து எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. பாசார் இரைச்சலுக்குள் அவன் காத்துக்கொண்டிருந்தான்.