கடலோடு கோவம்

இராசமலர் கடலோடு கோவமாக இருந்த ஆறு வருஷமும் அவளுடைய வீட்டு வளவுக்குள் கடற்சத்தம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கோவம் என்றால் ஆத்திரம் அல்ல, கதைபேச்சு இல்லை என்று அர்த்தம். கோவக்காரர் வீட்டில் கை நனைக்கக்கூடாது, தெருவில் கண்டால் முகத்தைத் திருப்ப வேண்டும், கலியாணத்துக்குச் சொன்னாலும் போகக்கூடாது. செத்தவீட்டுக்கு மட்டும் போகலாம். போய் வாசல் படலையடியில் நிற்க வேண்டும், வீட்டுக்காரர் 'வா' என்றால் கோவம் தீர்ந்தது. வேலிக்காகவும் கோழிக்காகவும் பந்தியில் மறந்துபோய்க் கூப்பிடாமல் விட்டதற்காகவும் ஊரில் கோவம் உண்டு. கடலோடு கோவம் போட்டவள் இராசமலர் ஒருத்திதான்.

தொண்டைமானாற்றுக்குக் கிழக்கே மணல் ஒழுங்கை முடிகிற இடத்தில் அவளுடைய வீடு. புருஷன் முன்னமே காலமாகிவிட்டார். ஒரே மகன் செந்தூரன், ஒரு கார்த்திகை மாதக் காலையில் "போட்டு வாறன் அம்மா" என்று, போய்த் திரும்பி வருவதாகச் சொல்லிப் படகை இறக்கினான். மறுநாள் படகு தன்பாட்டில் வந்து, வழக்கமாக இழுத்துவிடும் இடத்தில் பிசகாமல் மணலில் ஏறி நின்றது. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, சோற்றுப் பாசல் அவிழ்க்காமல் இருந்தது. பெடியன் இல்லை. ஊர் கூடி அழுதது. இராசமலர் அழவில்லை. தண்ணீர் ஓரத்துக்குப் போய், "என்ரை பிள்ளையைத் தாற மட்டும் உன்னோடை எனக்குக் கதை இல்லை. நீயும் என்னோடை கதையாதை" என்றாள். கடல் வாயை மூடிக்கொண்டது.

படலைக்கு வெளியே நின்றால் அலை வழக்கம்போல இரைந்தது. ஒரு கால் உள்ளே வைத்தால் ஒன்றுமில்லை. ஆடு கத்துவது கேட்கும், சந்நிதி கோயில் மணி கேட்கும், சத்தத்தைக் குறைத்துவிட்ட தொலைக்காட்சியில் போல அலை மட்டும் வந்து வந்து விழும். இராசமலர் மீனைத் தொடுவதை விட்டாள். உப்பும் கடல் வீட்டுப் பண்டம்தானே என்று அதையும் விட்டாள். கடல் சமாதானத்துக்கு ஆன மட்டும் பார்த்தது. நல்ல விளைமீன், சங்கு, ஒரு தடவை நாலு காலும் முழுசாக ஒரு கதிரை என்று படலையடியில் கொண்டுவந்து வைத்தது. அவள் எல்லாவற்றையும் விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். கதிரையை அயலவர் எடுத்துக்கொண்டார்கள், இப்போதும் நன்றாக இருக்கிறது.

மகனுக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய் என்று இனசனம் கேட்காத வருஷம் இல்லை. அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். சொல்லாமல் போயிருந்தா அழலாம். இவன் சொன்னவனெல்லே."

சும்மா கிடந்த இரண்டு அறையையும் வாடகைக்குத் தங்குகிற கொட்டேஜ் ஆக்கியது அவளுடைய தமையன் முத்துக்குமாரு. வந்தவர்கள் நித்திரையாகிப் போனார்கள். கொழும்பிலிருந்து றொகான் என்று ஒரு எஞ்சினியர் இரண்டு நாள் நிற்க வந்து, ஐந்தாம் நாள் எழும்பி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். சத்தம் எங்கே போகிறது என்று அளக்கக் கருவிகளோடு வந்த இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் சாய்ந்தார்கள். கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே திரும்பிப் போனார்கள். கனடாவில் இருக்கிற சனமெல்லாம் விமான ரிக்கெற் எடுக்க முதல் இந்த வீட்டில் அறைக்குச் சொல்லிவைக்கத் தொடங்கியது. இராசமலர் அவர்களுக்கு உப்புப் போட்டும் தனக்குப் போடாமலும் சமைத்தாள். ஊரெல்லாம் வந்து நித்திரை கொண்ட வீட்டில் அவள் மட்டும் பாயில் முழித்துக் கிடந்தாள். படலை திறக்கிற சத்தம் தவறிப்போகக் கூடாது.

ஆறாம் வருஷம் பங்குனியில் நீர்வேலியிலிருந்து கீர்த்திகா என்றொரு பெண்பிள்ளை வந்தது. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, இதரை வாழைப்பழச் சீப்பொன்றும் துணிப் பையுமாக வந்து ஒரு கிழமைக்கு அறை கேட்டது. எல்லோரையும் போல 'அன்ரி' என்றது. ஆனால் அந்த வீட்டுக்கு வந்து நித்திரை கொள்ளாத முதல் ஆள் அதுதான். பகல் முழுக்கக் கடல் பக்கப் படலையைத் திறப்பதும், வெளியே நின்று கேட்பதும், உள்ளே வந்து தலையைச் சரித்துக் கேட்பதுமாக இருந்தது.

நாலாம் நாள் காலை தேத்தண்ணி கொடுக்கும்போது இராசமலர் கேட்டாள். "ஏன் பிள்ளை, இஞ்சை வாற சனம் சத்தம் இல்லை எண்டுதானே வாறது?"

"நான் சத்தம் கேக்க வந்தனான்." பிள்ளை கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னது. "அவர் இந்த வளவிலை நிண்டுதான் எனக்கு ஃபோன் எடுக்கிறவர். கதைக்கேக்கை பின்னாலை கடல் கேக்கும். ஒருக்கா அதைக் கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தன், மாமி."

மாமி என்று மாமியாரைக் கூப்பிடுகிற சொல் விழுந்ததும் இராசமலர் அடுப்படிக் கட்டில் குந்திவிட்டாள். சந்நிதித் திருவிழாவில் செந்தூரனைக் கண்டதையும், இரண்டு வீட்டிலும் சொல்லப் பயந்ததையும், சொல்ல இருந்த மாதத்தில்தான் படகு திரும்பி வந்ததையும் கீர்த்திகா சொன்னாள். பிறகு வந்த சம்பந்தங்கள் எல்லாவற்றையும் வேண்டாம் என்றிருக்கிறாள். ஏன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"அவன் வருவான் பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொன்னவன்."

"என்னட்டையும் அப்பிடித்தான் சொன்னவர், மாமி." கோப்பையைக் கீழே வைத்து, "நீங்கள் இன்னும் அழேல்லை. நீங்கள் அழாமல் நான் எப்பிடி அழுறது? எனக்கு ஆர் இடம் தருவினம்?" என்றாள்.

இராசமலர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பின்னேரம் முத்துக்குமாருவைக் கூப்பிட்டு, "அண்ணை, ஒழுங்கையிலை வெள்ளைக் கொடி கட்டுங்கோ" என்றாள்.

மறுநாள் செத்தவீடு. பந்தலுக்குக் கீழே செந்தூரனுடைய படத்தை வைத்தார்கள். பத்து வருஷக் கோவக்காரரும் வந்து முன்படலையில் நின்றார்கள், கூப்பிடக் கூப்பிட உள்ளே வந்தார்கள். உச்சி வெயில் நேரம் கடல் வந்தது. மணலைத் தாண்டி, கடல் பக்கப் படலையடிக்கு வந்து, நெஞ்சு உயரத்தில், இரையாமல் நின்றது. சனம் விலகி வழிவிட்டது. செத்தவீட்டுக்கு வருகிறவரை யாரும் தடுப்பதில்லை.

இராசமலர் எழும்பிப் போனாள். "வருவானோ?" என்று கேட்டாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் கடலோடு கதைத்த முதற்சொல் அதுதான்.

கடல் 'இல்லை' என்றது. எல்லோருக்கும் கேட்டது.

"கொண்டுபோனதைத் தராமல் வெறுங்கையோடை வந்து நிக்குது, பார்" என்று முத்துக்குமாரு பல்லைக் கடித்தார்.

"செத்தவீட்டுக்கு வெறுங்கையோடைதான் வாறது, அண்ணை." இராசமலர் படலையைத் திறந்தாள். "வா. உள்ளுக்கு வா."

கடல் பந்தலுக்குள் வந்து பெண்களின் கணுக்கால் அளவில் நின்றது. வந்த பிறகுதான் வாயைத் திறந்தது. அடக்கிவைத்த ஆறு வருஷத்து இரைச்சலும் ஒன்றாக வெளியே வந்தது. ஒருவர் அழுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. இராசமலர் சுவரோடு ஒதுங்கியிருந்த கீர்த்திகாவின் கையைப் பிடித்து இழுத்துப் பெண்களுக்கு நடுவில் இருத்தி, "என்ரை மருமோள்" என்றாள். சத்தத்தில் காதால் கேட்டவர்கள் இல்லை. வாயசைவைப் பார்த்து எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு பொழுதுபடும் வரை அழுதார்கள். பொழுதுபட்டதும் கடல் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிப் போனது. செத்தவீட்டில் போட்டு வாறன் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

இப்போது அந்த வளவிலும் மற்ற வளவுகளைப் போலக் கடல் இரைகிறது. கொட்டேஜுக்கு வருகிறவர்கள் நித்திரை இல்லை என்று குறை சொல்கிறார்கள். "உது கதைக்கத்தான் செய்யும்" என்று இராசமலர் சொல்கிறாள். அவளும் சில நாட்களில் கண்ணயர்கிறாள்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையல் முடியும் வரை கீர்த்திகா நின்றாள். அன்றைக்குக் கறிக்கு உப்புப் போட்டது இராசமலர்தான், கொஞ்சம் கூடிவிட்டது. பின்னேர பஸ்ஸுக்கு வெளிக்கிட்ட பிள்ளை பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையடியில் திரும்பியது.

"மாமி, போட்டு..."

"செத்தவீடு, பிள்ளை," என்றாள் இராசமலர். "சொல்லாமல் போ. இனித் திரும்பி வராதை. வாற சம்பந்தத்துக்கு ஓம் எண்டு சொல்லு."

கீர்த்திகா சொல்லாமல் போனாள். இராசமலர் ஒழுங்கை முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, படலையைக் கொளுவிப் பூட்டினாள். அந்த வீட்டுப் படலையை அதற்கு முதல் பூட்டியதை ஊரில் ஒருவரும் கண்டதில்லை.