தூங்க வைப்பதும் ஒரு தொழில்தான்

1

இந்தக் கதை அக்கா வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. அக்காவும் மாமாவும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். சமாதானம் செய்யப் போன நான் மனதுக்குள் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தேன்:

'மனிதன் தன் உழைப்பை எந்தக் கணத்தில் தொழில் என்று அழைக்கத் துணிகிறான் என்பது'

வேண்டாம். இதைப் படித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அது மாமாவின் வேலை.

2

மாமா லிஃப்ட் மெக்கானிக். அக்கா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். பகலில் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள், காதில் பஞ்சு வைத்தாள், பலனில்லை. ஒரு விடுமுறை நாளில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, லிஃப்ட் கதவு ஏன் பாதியில் நிற்கிறது என்று விளக்கினார். பாதியிலேயே அக்கா குறட்டை விட்டாள்.

அவர் வேலைக்குப் போகும் நாட்களுக்காக அந்தப் பேச்சைப் போனில் பதிவு செய்துகொண்டாள். கூட வேலை பார்க்கும் நர்ஸுகளும் கேட்டார்கள். இணையத்தில் ஏற்றினாள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் தூங்க ஆரம்பித்தார்கள். விளம்பரப் பணம் வரத் தொடங்கியது.

(இங்கே மாமாவின் குரலை வர்ணிக்க வேண்டும். 'தொலைதூர மழையைப் போல' — இல்லை. மேடு பள்ளமே இல்லாத குரல். கோபம் வந்தாலும் அதே குரல்தான். சண்டையில் அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்குக் கொட்டாவி வந்துவிடும்.)

3

"சுயதொழில்னு பதிவு பண்ணிடலாங்க."

"லிஃப்ட் ரிப்பேர் பண்றதுதான் என் தொழில். பேசுறதெல்லாம் தொழிலா?"

"மாசாமாசம் வருதே."

"இன்னும் கொஞ்சம் பாப்போம். நாளைக்கே எல்லாருக்கும் தானா தூக்கம் வந்துட்டா?"

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க." அக்கா கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "தொழில் என்னன்னு கேப்பாங்கடா. என்னத்தை எழுதுறது? ஆளைத் தூங்க வைக்கிறவன்னா?"

4

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆடிட்டரின் அறை. மூன்று பேரும் போனோம். ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் பொறுமைசாலியான ஒரு அம்மாள்.

"எப்ப பதிவு பண்ணணும் மேடம்?" என்றார் மாமா.

"காசு தொடர்ந்து வர ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும். சரி, லாபத்துக்காகத்தானே செய்யறீங்க?"

"இவ தூங்கணும்னு செய்யறேன்."

"அதுக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்ல சார். யார் பேர்ல போடலாம்?"

"அவ பேர்ல."

"அவர் பேர்ல," என்றாள் அக்கா அதே நேரத்தில்.

"என் பேச்சைப் பதிவு பண்றது, வெட்டி ஒட்டுறது, ஏத்துறது எல்லாம் அவதான் மேடம்."

"குரல் அவரோடது."

ஆடிட்டர் பேனாவை மூடினார். "வருமானத்தை ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிவிடறவங்களை நான் இப்பதான் பாக்கறேன்."

அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னாள்: "என் பேர்ல தொழில்னு ஒண்ணு இருந்தா, நான் நைட் டியூட்டியை விட்டுடுவேன்."

"விடேன். அதுக்குத்தானே சொல்றேன்."

"விட்டா ராத்திரியில நானா தூங்கிடுவேன். அப்புறம் நீங்க யாருக்குப் பேசுவீங்க?"

ஒரே ஒரு முறை, அக்கா பக்கத்தில் இல்லாதபோது, மாமா தனியாக மைக் முன்னால் பேசிப் பார்த்திருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: என்ன ஆச்சு, தூக்கமே வரவில்லை.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். வேடிக்கைக் கதை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.)

5

எழுதிப் பார்த்த முடிவுகள்.

ஒன்று: மாமா பேசப் பேச ஆடிட்டர் தூங்கிவிடுகிறார். அக்கா படித்துவிட்டு, "அந்தம்மா பாவம்டா" என்று அந்த வரியை அடித்துவிட்டாள்.

இரண்டு: மாமாவின் குரலில் திடீரென்று ஏற்ற இறக்கம் வந்து — இல்லை. மாமா கோபித்துக்கொள்வார், அதுவும் அதே குரலில் என்பதால் எனக்குத் தெரியவும் தெரியாது.

நடந்தது இதுதான். இருவரும் கூட்டாகப் பதிவு செய்தார்கள். தொழில் என்ற இடத்தில் ஆடிட்டரே 'ஒலிப்பதிவு' என்று எழுதினார். படியிறங்கும்போது மாமா அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டியூட்டி விஷயம் மட்டும் முடிவாகவில்லை. நேற்று அக்காவிடமே கேட்டேன்.

"கதையில நான் விட்டுட்டேன்னு எழுது. படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்றேன்," என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னது போலத் தெரியவில்லை. இதுவரை என் எழுத்தை நம்பி யாரும் ஒரு பஸ்ஸைக்கூட விட்டதில்லை. இவள் வேலையை விடப் போகிறாள். அதை என்னால் எழுத முடியாது. உங்களுக்கு அவள் அக்கா இல்லை, துணிச்சலாக எழுதலாம். தொடங்கி மட்டும் தருகிறேன்:

அடுத்த மாதம் அக்கா