தும்பிக்கை போன வழி

வால், நான்கு கால், வயிறு, முதுகு, காது எல்லாம் ஒழுங்காக முடிந்து தும்பிக்கைக்கு வந்தபோது, நுனி திரும்ப வேண்டிய சந்தில் குழாய் போடப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். வரைபடக்காரி சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான். அவள் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றுவாள்; போன வழியெல்லாம் போனில் உள்ள மேப்பில் கோடாக விழும். அந்தக் கோடு ஒரு மிருகமாக ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வரும். நடுவில் கோடு அறுந்தால் படம் செல்லாது. போன வார ஒட்டகம் நாற்காலி மாதிரி இருந்ததில் ஆசிரியர் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தார். "இதுவும் சொதப்புச்சுன்னா அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டுருவேன்" என்று சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் யானை போய்ச் சேர வேண்டும்.

மெயின் ரோட்டைச் சுற்றிப் போனால் தும்பிக்கை வயிற்றைவிடப் பெரிதாகிவிடும். முன்வாசல் இந்தத் தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அக்கா வீடு. அக்காவோடு பேச்சே இல்லை.

தப்பு இவள் பேரில்தான். 'தலைவலி, படுத்திருக்கேன்' என்று விருந்துக்கு வராத அக்காவின் புள்ளி, வீட்டார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் போன் மேப்பில் சினிமா தியேட்டர்மேல் மின்னியது. சும்மா இருக்காமல் அதைப் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். அக்காவின் மானம் கப்பலேறியது.

கதவு திறந்தது.

"என்ன?"

"உள்ள வரணும்கா. அப்படியே பின்வாசல் வழியா வெளிய போகணும். பாதி யானை நிக்குது."

அக்கா சைக்கிளை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பதான் தரை துடைச்சேன். டயரைத் துடைச்சிட்டு உருட்டிட்டு வா."

கூடத்தின் நடுவில் வந்ததும் அக்கா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குடி அப்படிப் பண்ணின?"

"நீ எதுக்குப் பொய் சொன்ன?"

விடவில்லை இருவரும். பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டதும் அக்கா டீ போட்டு வந்தாள்.

"அன்னிக்கு யார் மூஞ்சியையும் பார்க்கப் பிடிக்கலடி. எங்கயாவது இருட்டுல தனியா உட்காரணும் போல இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? நீ மேப் போட்டுக் காட்டுவ!"

அக்காதான் முதலில் சிரித்தாள். தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எவ்வளவு நேரம் போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை.

பின்வாசலில் இறங்கி மீதித் தும்பிக்கையையும் முகத்தையும் முடித்த பிறகுதான் போனைப் பார்த்தாள். கூரைக்கு அடியில் போனுக்குத் தன் இடம் சரியாகப் பிடிபடாது. உட்கார்ந்த இடத்திலேயே கோட்டை இங்கும் அங்கும் இழுத்துவிடும். தும்பிக்கை நுனியில் ஒரே கிறுக்கல். திரும்பப் போட நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

ஆசிரியர் உடனே கூப்பிட்டார். "தும்பிக்கையில என்னம்மா அது?"

அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"பூங்கொத்துதானே? அசத்திட்ட போ!"

ஞாயிறு காலை அக்காவின் போன் வந்தது. "எல்லாரும் பூங்கொத்துங்குறாங்கடி. நாம சண்டை போட்ட இடம்னு சொல்லிடட்டுமா?"

"ஐயோ, என் வேலை போயிடும்!"

"சரி சரி. அடுத்த வாரம் என்ன?"

"மயில்."

"எங்க வீட்டு வழியா வருதா?"

"இல்லக்கா. மயில் ஆத்துக்கு அந்தப் பக்கம்."



"அப்ப மயில் வேண்டாம். இந்தப் பக்கம் வர்ற மாதிரி ஏதாவது ஒண்ணு போடு."