பதிப்பு எண் ஒன்றுதான்

1
இந்தக் கதை என்னுடையதில்லை. செக் நாட்டு ப்ர்னோவில் ஒரு பீர்க்கடை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டது. வியாழன்தோறும் அங்கே, பிறர் எழுதிய மென்பொருளை லினக்ஸ் கணினிகளில் நிறுவும்படி பொதி கட்டித் தருகிறவர்கள் கூடுவோம். சம்பளமில்லாத வேலை என்பதால் கர்வத்துக்குக் குறைவில்லை. எங்களில் ஒருத்தி பொஹ்தானா சொன்னாள்: “அண்ணனும் நானும் பேசிக்கிறதில்ல. எங்க ஃபோல்டர்தான் பேசிக்குது.”

தொடக்கம்: ‘பனி பெய்துகொண்டிருந்த அந்த மாலையில்…’ (வேண்டாம். வெளியே நல்ல வெயில்.)

2
குடும்பத் தோட்டவீட்டை விற்றதில் இருவருக்கும் சண்டை. அண்ணன் க்வெதோஸ்லாவ் இருப்பது ஆஸ்த்ரவா நகரில். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போவது யார் என்று ஒரு ஃபோல்டரில் எழுதிவைப்பார்கள். ஒரு மென்பொருள் அதை இருவர் கணினியிலும் ஒன்றுபோல வைத்திருக்கும். இரு பக்கமும் ஒரே பதிப்பு இருந்தால் மட்டும். [இங்கே ஒரு தொழில்நுட்பப் பத்தி இருந்தது. மனைவி கொட்டாவி விட்டதில் போயிற்று.]

லினக்ஸில் பல வகை உண்டு; அவளுடைய வகைக்கு அந்த மென்பொருளைப் பொதி கட்டுவது அவள், அவனுடையதற்கு அவன். அவளுடையது இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் புதிய பதிப்புக்கு அசையும், அவனுடையது வாரந்தோறும். அவன் புதிய பதிப்பை ஏற்றினான். ஃபோல்டர் ஊமையானது. போன ஞாயிறு, மற்றவர் போவார் என்று இருவருமே போகவில்லை. அம்மா மாவுருண்டை அவித்து வைத்துக் காத்திருந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி போனில் திட்டினாள்.

3
தன் லினக்ஸில் பழையதோடு புதிய பதிப்பையும் வைக்கப் பொஹ்தானா அனுமதி கேட்டாள். குழுத் தலைவர் ஸ்வதொப்லுக் கோப்பையை இறக்கினார். (இவரை நம்புவது எனக்கே கஷ்டம். ஆனால் மேசைக்கு ஒருவர் இப்படி உண்டு.)

“ஒரு பேரு, ஒரு பதிப்பு. அது நம்ம தத்துவம்மா.”

“உங்க தத்துவம் ரயிலேறிப் போய் எங்கம்மாவோட உக்காந்து சாப்பிடுமா, தலைவரே?”

மேசை சிரித்தது. அனுமதி கிடைத்தது.

4
ஆக, எண்கள் பொருந்தின, ஃபோல்டர் பேசியது, அண்ணனும் தங்கையும்—

இல்லை. எண் ஒன்றுதான். ஆனால் அவன் வேறு கம்பைலரில், அதாவது நிரலை ஓடும் மென்பொருளாக்கும் கருவியில், கட்டியிருந்தான். ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாமல் போக, இந்த மென்பொருளுக்கு அதுவே போதும். இது உவமை அல்ல.*

தோழி ரத்மிலா தலையிலடித்துக்கொண்டாள். “எதுல கம்பைல் பண்ணேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி?”

“கேக்கணும்னா பேசணுமே.”

* சரி, உவமைதான். ஆனால் நான் உண்டாக்கியதில்லை.

5
பொதி ஒவ்வொன்றிலும் கட்டியவர் முகவரி இருக்கும். பிழை அறிக்கை வந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்; அனுப்புவது தங்கையானாலும். சனிக்கிழமை பொஹ்தானா அண்ணனின் பொதிக்கான அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். ‘என்ன நடந்தது?’ என்ற கட்டத்தில் எழுதினாள்: ‘அம்மாவைப் பார்க்க யாரும் போகவில்லை.’

அடுத்த கட்டம்: ‘என்ன நடந்திருக்க வேண்டும்?’

அதை நான் மூன்று விதமாக நிரப்பி, மூன்றையும் அழித்துவிட்டேன். எல்லாம் ஸ்வதொப்லுக் பேசுவதுபோல இருந்தன. நீங்கள் எழுதுங்கள். சுருக்கமாக, அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. சீக்கிரமாக, நாளை ஞாயிறு.