நமசிவாயத்தாரின் கைராசி

"வாயைத் திறக்கேல்லையெண்டா மூக்கைப் பொத்து," என்றார் நமசிவாயத்தார்.

ஒரு கையில் மண்வெட்டியளவு கரண்டி, மறுகையில் காய்ச்சல் மருந்துப் போத்தில். அவர் தங்கை கனகாம்பிகை தன் மூன்று மாதப் பேரனை மடியில் மல்லாத்திப் பிடித்திருந்தாள். பிள்ளையைப் பெற்ற குணலட்சுமி வாசற்படிக்கு வெளியே நின்றாள். கிளாலிக் கடலால் சாமான் எடுக்கப் போன அவள் புருஷன் பிணமாகக் கரையொதுங்கிய நாளிலிருந்து, அவள் கை நல்லது எதையும் தொடக்கூடாது. மருந்தும் நல்லதுதானே.

அவள் கை பட்டால் கிணறே வற்றும் என்று சொன்னவர் நமசிவாயத்தார். அந்தக் கிணற்றில் அவள் அள்ளி வைத்த தண்ணீரில்தான் நாள்தோறும் குளித்தார். தாய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு. பொருளாதாரத் தடையில் கொக்குவில் கடைகளில் பால்மா இல்லை. இருந்திருந்தால் அதையும் நிறுத்தியிருப்பார்.

அவருடைய கையோ ஊரறிந்த கைராசிக் கை. அவர் ஊன்றிய பூசணி காய்த்து மதிலைத் தள்ளி விழுத்தியது. அவர் தடவிய மலட்டு மாடு அடுத்த கிழமையே இரட்டைக் கன்று போட்டது. அந்தக் கையின் சுருட்டுக் காவி படிந்த விரல் இப்போது கரண்டி மருந்துக்குள் இறங்கி ஒருதரம் கலக்கியது.

"மாமா," என்றாள் படிக்கு வெளியே நின்ற குணலட்சுமி. "டொக்குத்தர் துளிக்குழாய் தந்தவர். அந்தக் கோடு மட்டும்தான் எடுக்கச் சொன்னவர். பிள்ளையை நிமித்தி வைச்சு, கன்னப் பக்கமா, மெள்ள மெள்ள."

"டொக்குத்தருக்குக் கைராசி இல்லைப் பிள்ளை. அதுதான் அளக்கிறார்."

கரண்டி கவிழ்ந்தது. பிள்ளைக்குப் புரையேறி மருந்து மூக்கால் வந்தது.

"அண்ணை, பிள்ளை கறுக்கிறான்."

"துப்பிப்போட்டான். இன்னொரு கரண்டி விடுவம்."

குணலட்சுமி படியைத் தாண்டினாள். பிள்ளையைப் பறித்துக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். அவன் இருமி, வீரிட்டு அழுதான்.

"தாலியறுத்த அறுதலிக் கையாலை தொடாதை," என்றார் நமசிவாயத்தார்.

"பெத்த கை மாமா. எவ்வளவு உள்ளை போச்சுதெண்டு தெரியாது. டொக்குத்தரைக் கேக்காமல் இனி ஒரு துளியும் விடேலாது."

கரண்டியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். அது மாட்டுத் தொட்டிக்குள் போய் விழுந்தது. அவள் பிள்ளையோடு வீதியில் இறங்கினாள்.

டொக்குத்தர் பிள்ளையைத் தன் கண் முன்னே வைத்துப் பார்த்துவிட்டுப் பின்னேரம்தான் விட்டார். காய்ச்சல் இறங்கியிருந்தது. அதற்குள் நமசிவாயத்தாரின் கைராசிதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்ற கதை பக்கத்தூரான தாவடி வரை போய்ச் சேர்ந்திருந்தது. குணலட்சுமி வீடு திரும்பியபோது வாசல் படலையில் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள்.

"அக்கா, நிமித்தி வைச்சுத் துளித்துளியாக் குடுங்கோ," என்றாள் குணலட்சுமி.

அந்தப் பெண் தன் குழந்தை அறுதலியின் முகத்தில் விழிக்காதபடி சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"பிள்ளை, அந்தப் பெரிய கரண்டி எங்கை?" என்று குணலட்சுமியைக் கேட்டார் நமசிவாயத்தார்.

"மாட்டுத் தொட்டிக்குள்ளை கிடக்கு மாமா. உங்கடை ராசியை மாடுதான் தாங்கும்."

நமசிவாயத்தார் போய் எடுத்து வந்தார். வழிந்த கழுநீரை வேட்டியில் ஒருதரம் துடைத்தார்.

வந்தவள் பயபக்தியோடு தன் குழந்தையின் மூக்கைப் பொத்தினாள்.