ஐந்து வரிப் பலகை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வெறும் கம்பத்திலிருந்து கிடைத்தது. நான் தினமும் வேலைக்குப் போகும் மலைச்சாலையில், அந்த இடத்தில் முன்பு நடந்ததைச் சொல்லும் உலோக வரலாற்றுப் பலகையை ஜனவரியில் பனி தள்ளும் லாரி இடித்துவிட்டது. கம்பம் மட்டும் மிச்சம். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வண்டியை நிறுத்தி அந்தப் பலகையைப் படித்ததில்லை. அந்த வெட்கத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆகவே கீழே வரும் ஊரும் ஆட்களும் வாசகமும் என் கற்பனை.

முதல் தொடக்கம்: 1789 வசந்தத்தில் வெக்ஸம் ஊர்க் குழந்தைகள் மரப்பட்டையை வேகவைத்து

வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவன் பசியை வைத்து வாசகரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இரண்டாம் தொடக்கம்: ஹெஸ்டர் வான்டைன், மெர்ல் டில்சனின் வீட்டு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

இது இருக்கட்டும்.

2

ஹெஸ்டர் வெக்ஸம் ஊரின் வரலாற்று அலுவலர். சம்பளம் கிடையாது. உடைந்த பலகைக்குப் பதில் புதிது வார்க்க, வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் அனுப்ப வேண்டும். பழைய வாசகம் இது: 'பஞ்ச வருடமான 1789இல் ஆம்ப்ரோஸ் டில்சன் இங்கே தம் மாவு ஆலையைத் திறந்து ஊரின் பசி தீர்த்தார்.' அதையே அனுப்பியிருக்கலாம். வருடம் சரிதானா என்று பார்க்கத் திருச்சபையின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். வினை அங்கே இருந்தது.

அந்தக் காலத்தில் தவறு செய்தவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, சபை கேட்க அதைச் சொல்ல வேண்டும். எழுத்தர் குறித்துவைப்பார். 1790 மார்ச்சில் எழுந்து நின்றவர் ஆம்ப்ரோஸ் டில்சன். பசித்தவர்கள் வந்தபோது ஆலையைப் பூட்டிக்கொண்டேன் என்றார். அன்று அவர்களுக்குத் தன் விதைச் சோளத்தை அளந்து கொடுத்தவர் கெசியா ரோ என்ற விதவை. அந்த வருடம் அவர் நிலம் தரிசாகக் கிடந்தது.

[இங்கே கெசியாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். தேவதையாக்கிக்கொண்டிருந்தேன். கொடுக்கும்போது அவருக்கும் பயமாக இருந்திருக்கும்.]

3

மெர்லுக்கு ஆம்ப்ரோஸ் ஏழு தலைமுறைக்கு முந்திய பாட்டன். நாற்பது வருடமாக ஒவ்வொரு மே மாதமும் ஏணி போட்டு ஏறி, பலகையின் எழுத்துகளுக்கு மஞ்சள் வர்ணம் அடித்துவந்தவர். மனைவி போனபின் அவர் வெளியே வருவது கோவிலுக்கும் இந்த வேலைக்கும்தான். அதைப் பிடுங்கத்தான் ஹெஸ்டர் வந்திருக்கிறார்.

(மெர்லின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் மேஜையைக் குத்தினார். நான் நம்பவில்லை. இந்தப் பக்கத்து மனிதர்கள் மனம் நொந்தால் காப்பி ஊற்றுவார்கள்.)

மெர்ல் காப்பி ஊற்றினார். "லாரிக்காரன் இடிச்சதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

"லாரிக்காரன் பலகையை மட்டும்தான் இடிச்சான், மெர்ல்."

ஹெஸ்டர் குறிப்பேட்டின் நகலை நகர்த்தினார். மெர்ல் இரண்டு முறை படித்தார்.

"அப்ப நாப்பது வருஷமா பொய்க்குத்தான் வர்ணம் அடிச்சிருக்கேன்."

தெரியாமல் செய்தது பொய்யாகாது என்று ஹெஸ்டர் என்னவோ சொன்னார். மெர்ல் கேட்கவில்லை. அவருடைய விரல் பக்கத்தின் கடைசி வரியில் நின்றிருந்தது: 'சபை அவரை ஏற்றுக்கொண்டது. ஏற்கலாம் என்று முதலில் எழுந்தவர் விதவை ரோ.'

"இந்தம்மா எழுந்திருக்காங்களே," என்றார்.

4

முடிவுகள்.

அ) பழைய வாசகமே அனுப்பப்படுகிறது. மெர்ல் மே மாதம் ஏணியை எடுக்கவில்லை.

ஆ) கெசியா மட்டும். டில்சன் என்ற பெயரே இல்லை.

இ) நடந்தது முழுவதும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் பலகை இடம் தரவில்லை.*

* ஐந்தே வரி. வரிக்கு இருபத்தைந்து எழுத்துக்குமேல் கொள்ளாது. கெசியாவைச் சொன்ன பிறகு, டில்சன் பூட்டினார், வருந்தினார், மன்னிக்கப்பட்டார் என்பதெல்லாம் அடங்காது. பூட்டினார் என்பது மட்டும் அடங்கும்.

மெர்லை நான் ஒரு வாக்கியத்தில் பெருந்தன்மையானவர் ஆக்கிவிடலாம். அப்படி நான் எழுதிக் கொடுக்கும் நன்மை அவருடையதாக இருக்காது. எனவே மேஜைமேல் ஒரு பென்சிலை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

அவரே எடுத்தார். முதல் வரியில் கெசியா ரோ என்று எழுதினார். விதைச் சோளத்துக்கும் பஞ்ச வருடத்துக்கும் மூன்று வரி போயிற்று. பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஒரு வரி பாக்கி. அதுல ஆம்ப்ரோஸை எழுதினா பூட்டினவர்தான். எழுதாம விட்டா, அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னாரே, அதுவும் இல்லாமப் போயிடும். நீ என்ன சொல்றே?"

ஹெஸ்டருக்கு மூன்று பதில்கள் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றையும் பேச மறுத்துவிட்டார். ஒன்றில் மெர்லின் மேல் இரக்கம் இருந்தது, கெசியாவின் மேல் இல்லை. இன்னொன்றில் அது தலைகீழ். மூன்றாவதில் இருவர் மேலும் இல்லை.

மேஜையருகே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். மெர்ல் கேட்டது உங்கள் காதிலும் விழுந்ததே.