வலப்பக்கம் திருப்பினால் விடியும்

அந்த ஊரில் பொழுது தானாக விடிவதில்லை. மேட்டுத் தெருவில் இருக்கும் பம்ப் ஹவுஸில், ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற பெரிய வால்வைத் தினமும் காலை ஐந்து மணிக்கு யாராவது திறக்க வேண்டும். முதலில் குழாய்களில் காற்று உறுமும், பிறகு தண்ணீர் வரும், அதன் பின்னாலேயே வெளிச்சம் வரும். எப்போதிலிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியாது. திருகு மறையை மாற்றிக் கடைந்த வால்வை மலிவாக வாங்கிப் பொருத்திவிட்டுப் போன காண்டிராக்டரால் வந்த வினை என்று சிலர் சொல்வார்கள். மறை மாறியது உண்மைதான். மற்ற குழாயெல்லாம் இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், அது வலப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். புது வால்வு போடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வரும்போதெல்லாம், பழையதைக் கழற்றும் நேரத்தில் சூரியன் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

திறப்பவளை ஊரே வால்வம்மா என்று கூப்பிட்டது. வேலையில் சேர்ந்தபோது, திறக்க வேண்டும், மூட வேண்டும், ஒழுகினால் சொல்ல வேண்டும் என்றார்களே தவிர, சூரியனைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. சம்பளமும் தண்ணீருக்கு மட்டும்தான். இருட்டுவது பற்றிக் கவலையில்லை, அது எந்த ஊரையும் போலத் தானே நடந்துவிடும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் காய்ச்சலில் தூங்கிப்போய், பதறியடித்து ஓடியபோது தெரு முழுக்க ஆட்கள் விளக்கோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து கோழித்தூக்கம்தான். பக்கத்தில் பஸ் கண்டக்டரான அவள் புருஷன் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவான். "நீ விடிய வெச்சாத்தானே என் பஸ் கிளம்பும், அதுவரைக்கும் எனக்கென்ன கவலை" என்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

அந்தக் கண்டக்டர் ஒரு நாள் மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே சுருண்டு விழுந்தான். குடல்வால் வெடித்து விஷம் பரவியிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா, எல்லோரிடமும் சொல்வதையே இவளிடமும் சொன்னாள். "விடியிற வரைக்கும் தாங்கிட்டார்னா பயமில்லை."

வேறு யாராக இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். வால்வம்மா தன் கைகளைப் பார்த்தாள். எழுந்து போனால், போன நேரத்தில் அவன் உயிர் போய்விடலாம். போகாவிட்டால் விடியாது.

கொழுந்தன் தோளைத் தொட்டான். டயர் கடையில் வேலை, போல்ட் கழற்றிக் கழற்றி உரமேறிய கை. "அண்ணி, நீங்க அண்ணன்கிட்டயே இருங்க. நான் போய்த் திறந்துட்டு வந்துடறேன்."

"இப்பவே திற. அஞ்சு மணிக்கெல்லாம் காத்திருக்காதே." இப்படியொரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததில்லை. "வலது பக்கம். ஞாபகம் இருக்கட்டும், வலது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா அண்ணி?"

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருட்டு கெட்டியாயிற்று. நட்சத்திரங்கள் அணைந்தன. தெருவிளக்குகள் தீக்குச்சி முனை அளவுக்குச் சிறுத்தன. வார்டின் டியூப்லைட் மங்கி மஞ்சளானது. அடுத்த கட்டில்காரர், "ஜன்னலை யாரும்மா சாத்தினது?" என்று முனகினார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. புருஷனின் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. கொழுந்தன் வால்வைத் திறக்காமல் இன்னும் இறுக்கி மூடியிருக்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புருஷனின் கையை எடுத்து நர்ஸின் கையில் வைத்து, "விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி ஓடினாள். இருட்டு ஈரக் கம்பளியைப் போலத் தோளில் கனத்தது. வீடுகளுக்குள் குழந்தைகள் அழுதன. அவன் செத்துவிடுவானோ என்ற பயம் ஒரு பக்கம். இனி இந்த ஊருக்கு விடியவே விடியாதோ, அதற்குத் தான்தான் காரணமோ என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

கொழுந்தன் வால்வுச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தான். "கைப்பழக்கம் அண்ணி. தானா இடது பக்கம் போயிடுச்சு. அசையலையேன்னு இன்னும் பலமா திருப்பிட்டேன்." இருவரும் தொங்கிப் பார்த்தார்கள். சக்கரம் அசையவில்லை. அதற்குள் தெரு கூட்டும் பெண்களும் பால்வண்டி டிரைவரும் ரொட்டி சுடுகிறவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். விடியுமுன் எழுந்து பழகியவர்கள், இருட்டு சரியில்லை என்று படுக்கையிலேயே கண்டுகொண்டவர்கள். யார் செய்த தப்பு என்று யாரும் கேட்கவில்லை. ரொட்டிக்காரர் தன் அடுப்புக் கம்பியைச் சக்கரத்தில் கொடுத்தார், எல்லோரும் சேர்ந்து நெம்பினார்கள். "வலது பக்கம்! வலது பக்கம்!" என்று அவள் ஓயாமல் கத்தினாள். கடைசியில் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சக்கரம் சுழன்றது, குழாய்கள் உறுமின, வெளிச்சம் வந்தது. கிழக்கு வெளுப்பது, சிவப்பது எல்லாம் இல்லை, ஒரேயடியாக வெயில்.

அவள் ஓடித் திரும்பியபோது வார்டுச் சுவர்க்கடிகாரம் இரண்டரை காட்டியது. கட்டில் முழுக்க வெயில். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த டாக்டரம்மா எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவன் நாடியைப் பிடித்தாள். வால்வம்மாவுக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

"விடிஞ்சிடுச்சே. இனிமே பயமில்லை" என்றாள் டாக்டரம்மா.

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். "என்ன, இன்னிக்குச் சீக்கிரமே திறந்துட்டியா? பஸ்ஸுக்கு ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்களே."

நேரம் தவறித் திறந்ததற்காக மேலதிகாரி வந்து காய்ச்சி எடுத்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்து அவர் தாயார் அதே வார்டில் படுத்தபோது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டியவரும் அவர்தான். "நாலு மணிக்காவது திறக்க முடியுமாம்மா?" என்றார். அவள் மூன்று மணிக்கே திறந்தாள். பிறகு கல் உடைப்பவர் மனைவி வந்தாள், பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். எல்லோரும் பிழைக்கவில்லை. வெயில் முகத்தில் படப்படவே போனவர்களும் உண்டு. இத்தனை வருடம் கழித்தும் சக்கரத்தைத் தொடும்போது "வலது பக்கம்" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறாள், கொழுந்தன் அந்தப் பக்கமே வருவதில்லை.

இப்போதெல்லாம் அந்த ஊரில் நடுச்சாமத்தில் திடீரென்று வெயில் முகத்தில் அடித்தால் யாரும் அலறுவதில்லை, கடிகாரத்தைக் காட்டிச் சண்டைக்குப் போவதுமில்லை. "யாருக்கோ முடியலை போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டு எழுகிறார்கள். பல் தேய்த்து, அடுப்பைப் பற்றவைத்து, குழந்தைகளின் முகத்தைக் கழுவிவிட்டு, வேலைக்குக் கிளம்புகிறார்கள்.